உவர் நிலத்தில் கோதுமை: விதைப்புக்கு முன்பும் முதல் மூன்று வாரங்களும்

அரியானாவிலும் ராஜஸ்தானிலும் உவர் நிலத்தில் கோதுமை விதைக்கும் உழவர், பயிர் திட்டுத் திட்டாக முளைத்திருப்பதைக் கண்டதும் முதலில் விதையைத்தான் சந்தேகிப்பார். விதை நல்லதாகவே இருந்திருக்கலாம். தன் எடையில் ஏறத்தாழப் பாதியளவு நீரை உறிஞ்சிக்கொண்ட பின்பே கோதுமை மணி முளைவிடும். மண்ணீரில் உப்பு மிகுந்திருந்தால், நிலம் ஈரமாக இருந்தும் அந்த நீரை விதையால் இழுத்துக்கொள்ள முடிவதில்லை.

பழுது விதையிலா உப்பிலா என்பதை விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் அறிந்துகொள்ளலாம். இரண்டு தட்டுகளில் ஈரத் துணி விரித்து, ஒவ்வொன்றிலும் நூறு விதைகளைப் பரப்பி, ஒன்றுக்கு மழைநீரையும் மற்றொன்றுக்குப் பாசனத்துக்கு உள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் தெளித்து, நிழலில் மூடி வைத்து, நான்காம் நாளும் எட்டாம் நாளும் முளைத்தவற்றை எண்ணுங்கள். இரண்டிலும் எண்ணிக்கை குறைந்தால் விதையை மாற்ற வேண்டும். கிணற்று நீர்த் தட்டில் மட்டும் குறைந்தால், முளைக்காதவற்றைக் கழுவி நல்ல நீரில் வையுங்கள். அவை முளைத்தால், விதைக்குள் நீர் புகாமல் உப்பு தடுத்து வைத்ததே காரணம். அழுகினால் சோடியமும் குளோரைடும் உள்ளே புகுந்து கருவைக் கெடுத்திருக்கக் கூடும். இந்த இரண்டாம் படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். எனக்கோ இதுவே மிகப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது.

மேல்மண்ணையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நிறைசெறிவு மண்சாற்றின் (மண் முழுதும் நீரில் நனையும்படி குழைத்து எடுத்த சாற்றின்) மின்கடத்துதிறன் உப்பின் அளவைக் காட்டும். அது மீட்டருக்கு 6 டெசிசீமனைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 7 விழுக்காடு குறையும். ஆனால் இது முழுப் பயிருக்கான கணக்கு. இளநாற்றுக்கு 4 அல்லது 5 என்பதே பாதுகாப்பான எல்லை. பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து அளப்பதால் அவை தரும் எண் சிறியதாக இருக்கும். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்காமல் ஒப்பிட வேண்டாம்.

நல்ல நீர் கொஞ்சமே கிடைக்குமானால், அதை விதைப்புக்கு முந்தைய பாசனத்துக்கே ஒதுக்குங்கள். அது மேல்மண்ணின் உப்பைக் கீழே கழுவி இறக்கும். எக்டருக்கு வழக்கமான 100 கிலோ விதையை 125 கிலோவாக உயர்த்துங்கள். பார் (சாலுக்கு இடையே உயர்த்திய மண்மேடு) அமைத்தால், நீர் ஆவியாகும்போது உப்பு பாரின் உச்சியில் திரளுமாதலால், சரிவில் விதையுங்கள். கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கே.ஆர்.எல். 210, கே.ஆர்.எல். 213 ஆகிய ரகங்கள் உவரைத் தாங்குபவை. ராஜஸ்தானின் பழைய கார்ச்சியா கோதுமையும் அத்தகையதே.

முளைத்த பின் பாதிப்பு இரு கட்டங்களாக வரும். முதலில் வேர் குட்டையாகி, இலைகள் சிறுத்துக் கருநீலப் பச்சையாகும். பின்னர் சோடியம் தேங்கி, முதிர்ந்த இலைகளின் நுனி காயும். முதல் கட்டத்தில் தூர் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள்) குறைந்துவிட்டால் பின்னர் அதை ஈடுசெய்வது கடினம். ஆகவே, தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் கிளம்பும், விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள் முதல் பாசனத்தைத் தவறவிடாமல், இயன்றவரை நல்ல நீராகவே பாய்ச்சுங்கள்.