பேரப்பிள்ளையோடு கூண்டு செய்யும்போது நாம் செய்யும் தவறுகள்

கோழியோ முயலோ, வாங்கிவிட்டு அப்புறம் கூண்டு கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதில்தான் பாதி தவறுகள் தொடங்குகின்றன. நானும் அப்படித்தான் செய்தேன். பேத்தி ஆசைப்பட்டாளே என்று நான்கு குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்துவிட்டேன். குஞ்சுகள் நமக்காகக் காத்திருக்குமா? மூன்றாவது வாரம் பெட்டியைத் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தன, எனக்குப் பதற்றம், அந்தப் பதற்றத்தில் அவள் கையிலிருந்த ரம்பத்தை வாங்கி நானே எல்லாவற்றையும் அறுத்தேன். கூண்டு இரண்டே நாளில் முடிந்தது. ஆனால் அதன்பிறகு பல நாள் அவள் மரவேலைப் பக்கமே வரவில்லை.

அதனால் சொல்கிறேன், கடைசித் தாழ்ப்பாள் வரை மாட்டிப் பார்த்த பிறகு உயிரைக் கொண்டுவாருங்கள்.

கருவி விஷயத்தில், நம் கைக்குப் பழகியதையே பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறோம். அரைக் கிலோ சுத்தியல் எட்டு வயதுக் கைக்குக் கனம், 200 அல்லது 250 கிராம் போதும். நம் மேசை அவர்களுக்கு நெஞ்சு வரை வரும், அப்படி நின்றுகொண்டு யாராலும் ஒழுங்காக அறுக்க முடியாது. அவர்கள் இடுப்பு உயரத்துக்குப் பலகையை இறக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கிக் கொடுங்கள். மழுங்கிய உளி ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: மழுங்கினால் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும், தள்ளும்போதுதான் சறுக்கும். உளியைத் தீட்டிக் கொடுத்து, இரண்டு கையும் அதன் முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று பழக்குங்கள்.

பலகை ஓரத்தில் நேராக ஆணி அடித்தால் மரம் பிளந்துவிடும். ஆணியைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டுக்கொண்டால் போதும். இதைச் சொல்லித்தராமல் விட்டுவிடுகிறோம், பலகை பிளந்ததும் பிள்ளை "நான் கெடுத்துட்டேன் தாத்தா" என்று முகம் வாடி நிற்கிறது. அது நம் தவறு, அவர்களுடையது இல்லை.

வீட்டில் கிடக்கும் பழைய கதவையும் சட்டத்தையும் அறுத்துப் பயன்படுத்தும்போது யோசியுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டால் அது தூளாகக் காற்றில் கலக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பதப்படுத்திய சில பழைய மரங்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. முயல் கூண்டையே கொறிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கூண்டின் உள்ளளவு ஒரு கோழிக்கு 4 சதுர அடியாவது இருக்கட்டும். குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் அடைத்துவிடாதீர்கள், எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா கோழியின் மூச்சைக் கெடுக்கும், மேல்பக்கம் காற்று போக இடம் வேண்டும். கோழி உட்காரும் கம்பு முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியிலேயே தூங்கி அசுத்தம் செய்யும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு தேவை, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பிள்ளையிடம் தெர்மாமீட்டரை மட்டும் காட்டாதீர்கள், குஞ்சுகளையே பார்க்கச் சொல்லுங்கள்: சூடு தரும் விளக்கடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் வெப்பம். செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி அகன்றுபோகும், மரச்சீவல் போடுங்கள். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுவதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கோழிகளிடமிருந்து சால்மொனெல்லா என்ற கிருமி தொற்றும், ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். அந்த இரண்டு நாள் அவசரத்தில் நான் போட்டது மெல்லிய அறுகோண வலை. அது கோழியை உள்ளே வைத்திருக்கும், நாயைத் தடுக்காது. ஒரு காலையில் வலை கிழிந்து, ஒரு கோழி குறைந்திருந்தது. பேத்தி எழுவதற்குள் அதேபோல் இன்னொன்று வாங்கி வைத்துவிடலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன், வலையைத் தவறாகப் போட்டது நான்தான் என்பதையும் சேர்த்து. அழுதாள். அப்புறம் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டி வலை வாங்கினோம், மற்ற மூன்று கோழிகளும் அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்தன. அளந்தது, வெட்டியது, அறைந்தது எல்லாம் அவள்தான். ஒன்பது நாள் ஆனது.