சபையில் ஐக்கிய விருந்து நடத்துவது எப்படி?

கிறிஸ்தவ சபையார் எல்லாரும் ஒன்றாய் உண்ணும் ஐக்கிய விருந்துக்குத் திட்டமிடக் கூடும் சபைக் கமிட்டி, ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்பதிலேயே பெரும்பொழுதைக் கழித்துவிடுகிறது. யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் அருகில் யார் அமர்வது என்பவற்றையே முதலில் முடிவு செய்ய வேண்டும். மதுரை வட்டாரத்துக்கு இது பழைய கேள்வி. 1834-இல் இங்கே பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக ஒன்றாய் உண்ண வேண்டும் என்று 1840-களில் தன் ஊழியர்களிடம் வலியுறுத்தியது. மறுத்தவர்களை, ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்திலிருந்தே விலக்கியது.

நூறு பேருக்கு 13 முதல் 15 கிலோ அரிசியும் சாம்பாருக்கு 3 கிலோ துவரம்பருப்பும் போதும். கறியை அன்று காலையில்தான் வாங்க வேண்டும். சித்திரை வெயிலில் தயிரும் தேங்காய்ச் சட்டினியும் நெடுநேரம் தாங்கா. காய்கறியை மாட்டுத்தாவணிச் சந்தையில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

எந்தச் சாதியாரும் இவர் சமைத்தால் சாப்பிடுவார்கள் என்று ஒரு தவசுப்பிள்ளையை, அதாவது சமையல்காரரை, தேடிப் பிடித்து, அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் சபைகள் உண்டு. உண்மையில் அது பிரச்சினையை மூடிவைக்கும் வழி. பெரிய அண்டாவை இறக்கப் பழகிய கை தேவைதான் என்றாலும், முந்தின நாள் மாலை வெங்காயம் உரிப்பதற்கும் காய் நறுக்குவதற்கும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக ஆட்களை அழைத்து, அவர்களில் சிலரையே மறுநாள் அடுப்பருகிலும் நிறுத்துங்கள்.

போதகரையும் கமிட்டியாரையும் நன்கொடையாளரையும் முதல் பந்தியில் அமர்த்தும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதியவர்களையும் குழந்தைகளையும் ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்களையும் முதலில் அமர்த்துங்கள். முந்தி வந்தவர்கள் உண்டு தீர்க்க, மற்றவர்கள் பசியோடு நின்ற கொரிந்து சபைக்குப் பவுல் சொன்னது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. சாம்பார் வாளியைப் போதகரே தூக்கட்டும். வர இயலாத நோயாளிகளுக்கான சாப்பாடு, முதல் பந்திக்கு முன்பே புறப்பட்டுவிட வேண்டும். கடைசியில் மிஞ்சியதைக் கட்டிக் கொடுப்பது விருந்தாகாது.

பரிமாறப் பலர் முன்வருவார்கள். எச்சில் இலை எடுக்கத்தான் ஆள் இருக்காது, இருந்தாலும் அவர்கள் எப்போதும் அதே சில குடும்பத்தாராகவே இருப்பார்கள். ஆகவே முறைப்பட்டியல் எழுதி, முதல் பந்தியின் இலைகளைக் கமிட்டியார் எடுப்பதென்று அதில் குறித்து, ஒரு வாரத்துக்கு முன்பே ஆலய வாசலில் ஒட்டிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு விருந்தால் ஐக்கியம் வந்துவிடாது. வெவ்வேறு தெருவிலுள்ள இரண்டிரண்டு குடும்பங்களாகச் சேர்த்து, மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ணும்படி ஏற்பாடு செய்யலாம். முதல் சாப்பாடு இருவரில் வசதி குறைந்தவர் வீட்டில் நடக்கட்டும். அழைத்துச் சோறு போடுவது எளிது, போய் உண்பதில்தான் மனம் தயங்கும். ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம் என்று வரம்பு வைத்தால், போட்டிக்காக யாரும் கடன் வாங்க நேராது. வந்தவருக்குக் காகித டம்ளரை நீட்டாமல், வீட்டில் அன்றாடம் புழங்கும் எவர்சில்வர் டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள்.

அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு உண்டுவந்த இயேசுவின் சீடர் பேதுரு, எருசலேமிலிருந்து யூத ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். அழைத்த நாளில் ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கினால் அதே சோதனை நமக்கும் வரும். நாளை மாற்றாதீர்கள், உறவினருக்கும் அதே பந்தியில் இலை போடுங்கள்.