"அப்பா வரட்டும், சொல்றேன்": அப்பாக்கள் (சில சமயம் அம்மாக்களும்) தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருவில் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று எட்டிப் பார்த்து, தூங்கிவிட்டார்கள் என்று உறுதியான பிறகுதான் சின்னவள் கன்னத்தில் ஒரு முத்தம். முழித்திருக்கும்போது கொடுத்தால் என்ன என்று அவர் மனைவி கேட்டதற்கு, "இடம் குடுத்துட்டா அப்புறம் பயம் போயிரும்" என்றாராம். தூங்குகிற பிள்ளையைக் கொஞ்சக் கூடாது என்று அந்த வீட்டு அப்பத்தா வேறு திட்டிக்கொண்டே இருக்கிறது.

பாசம் இல்லாமல் இல்லை. அது வெளிச்சத்தில் தெரிந்துவிட்டால் ஆம்பளைக்கு அழகில்லை என்ற நினைப்புதான் கோளாறு. மலையைத் தாண்டி கேரளாவில் குமுளிப் பக்கம் போனால் அப்பாவுக்கு அச்சன் என்று பேர் மாறும், நிலைமை ஒன்றும் பெரிதாக மாறிவிடாது.

பெரிய தவறு, பயத்தை மரியாதை என்று எடுத்துக்கொள்வது. பைக் சத்தம் கேட்டதும் டிவி நிற்கும், செல்போன் தலையணைக்கு அடியில் போகும், வீடு கப்சிப் என்று ஆகிவிடும். உள்ளே வருகிறவர் "என் வீட்ல நான் ஒரு பார்வை பார்த்தா போதும்" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்வார். அதே பிள்ளைக்குப் பதினாறு வயதில் ஒரு சிக்கல் வந்தால் கூட்டாளிக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடத் தெரிந்திருக்கும், கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர் அப்பாதான். இதில் அம்மாக்களுக்கும் பங்கு உண்டு. சோறு சாப்பிடாததற்கும் ஹோம்வொர்க் எழுதாததற்கும் "அப்பா வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி, அந்த மனிதர் வீட்டுக்கு வருவதையே ஒரு தண்டனை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்தது, "நான் சம்பாதிச்சுப் போடுறேன்ல" என்பது. சரி, ஆனால் அந்த ஜீப்பில் பின்னால் நெருக்கி உட்கார்ந்து ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களும்தானே சம்பாதிக்கிறார்கள். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புகிறார்கள், இறங்கியதும் ஒருவர் அடுப்படிக்கும் இன்னொருவர் டீக்கடைக்கும் போகிறார்கள். சம்பாத்தியம்தான் காரணம் என்றால் அது அந்த அம்மாவுக்கும் செல்லுபடியாக வேண்டுமே. 2019-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், பிள்ளை பார்ப்பது, முடியாதவர்களைக் கவனிப்பது போன்ற வேலைகளில் ஒரு நாளில் கொஞ்சமாவது கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 14 பேர். அந்த 14 பேரும் செலவழித்தது சராசரியாக 76 நிமிடம், அப்படிக் கை வைத்த பெண்கள் 134 நிமிடம்.

"ஆம்பளை உடம்புக்கு இது ஒத்துவராது" என்று ஒரு வாதமும் உண்டு. பிலிப்பைன்ஸில் செபு என்ற ஊரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில வருடம் தொடர்ந்து கவனித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது, தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளை பார்த்தவர்களுக்கு, பிள்ளை பார்ப்பதில் கையே வைக்காத அப்பாக்களைவிடக் குறைவு. இதைப் படித்துவிட்டு ஆம்பளைத்தனம் போச்சு என்று யாரும் பதற வேண்டாம். பிள்ளை வளர்க்கிற வேலைக்கு ஆண் உடம்பும் தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

"பொம்பளப்பிள்ள மாதிரி அழாதடா" என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். அதிகம் பேசாதது பெண் பிள்ளைகள் விஷயம். பத்து வயது வரை தோளில் தூக்கிச் சுமந்த அப்பா, மகள் வயதுக்கு வந்த மறுநாளிலிருந்து "அவ சாப்பிட்டாளானு கேளு" என்று அம்மா வழியாகப் பேச ஆரம்பிக்கிறார். கௌரவம் என்று அவர் நினைக்கிறார். நான் என்ன தப்பு செய்தேன் என்று அந்தப் பிள்ளை யோசிக்கிறது. மருந்துக் கடையில் நாப்கின் வாங்கி, நியூஸ்பேப்பரில் சுற்றினாலும் பரவாயில்லை, அப்பாவே கொண்டுவந்து கையில் கொடுக்கட்டும். பத்துப் புத்திமதியைவிட அது வேலை செய்யும்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் கால் நீட்டி உட்கார்ந்து, அவனைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தேன். அம்மா வந்து, "ஆம்பளைக்கு எதுக்குடா இந்த வேலை" என்று வாங்கிக்கொண்டது. என் மனைவியும், "விடுங்க, உங்களுக்கு வராது" என்றாள். எனக்கு ரோஷம் வரவில்லை, உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருமுறை கையை எடுத்தவன் அப்புறம் ஒன்றரை வருடம் வைக்கவில்லை. வழுக்கினாலும் பிள்ளை அழுதாலும் அப்பனிடமே விட்டுப் பழக்க வேண்டும், பெண்கள் மட்டும் என்ன பிறக்கும்போதே கற்றுக்கொண்டா வருகிறார்கள்?

நேரம் இல்லை என்பது பொய்யில்லை. மத்திய அரசு வேலையில் அப்பாவுக்கு 15 நாள் லீவு உண்டு. தனியார் கம்பெனியில் அம்மாவுக்கு 26 வாரம் என்று 2017-ல் சட்டத்தை மாற்றினார்கள், அப்பாவுக்கு அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஜீப் ஓட்டுகிறவர் யாரிடம் போய் லீவு கேட்பார்? ஆனாலும் ராத்திரி சோற்றுத் தட்டோடு ஒரு இருபது நிமிடம் இருக்கிறது, அதையும் "படிச்சியா? எத்தனை மார்க்?" என்று தீர்த்துவிடுகிறோம். இன்னைக்கு யார் கூடச் சண்டை என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட முதல் மூன்று நாளும் "ஒண்ணுமில்லப்பா" என்றான், நாலாம் நாள் வகுப்பில் காணாமல் போன ஓர் அழிரப்பர் பற்றி அரை மணி நேரம் பேசினான். எடுத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை, ரெண்டு பேர் மேல் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது.