ஒரே போனில் காவிரிக் கரையை 3டியில் எடுக்க

குறுவை பச்சைப் பசேலென்று நிற்கும்போது அந்த வயலைத்தான் முதலில் அனாகிளிஃப் 3டியில், அதாவது சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த இடது, வலது படங்களை ஒன்றாக்கிச் சிவப்பு-சயான் (பச்சை-நீலம்) கண்ணாடியில் பார்க்கும் முறையில், எடுக்கத் தோன்றும், நானும் அதைத்தான் எடுத்தேன், பார்த்தால் கண் கூசுகிறது. சிவப்பு-சயான் கண்ணாடியில் இடது கண்ணுக்குச் சிவப்பு சேனல் மட்டும் போகும், வலது கண்ணுக்குப் பச்சையும் நீலமும். பயிரில் சிவப்பு குறைவு, அதனால் ஒரு கண்ணில் வயல் இருட்டு, மறு கண்ணில் பளிச். கோயில் மதிலின் காவி-வெள்ளைப் பட்டைக்கும் இதே கதிதான், சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால் பட்டையே கரைந்துபோகும்.

இடது படத்தை முதலில் கருப்பு-வெள்ளையாக்கி, அதைச் சிவப்பு சேனலில் போடுங்கள். வலது படத்தின் பச்சை, நீலத்தைத் தொடவேண்டாம். ஹாஃப் கலர் என்பது இதுதான். காவி மங்கும், ஆனால் கண் உறுத்தாது. எரிக் டுபுவா 2001-இல் தந்த நிறக் கலவைக் கணக்கும் நன்றாக வரும், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் ஸ்டீரியோ3டி ஃபில்டரில் இரண்டுமே உண்டு. பழகுவதற்கு தாராசுரம் போங்கள், கல்தேர்ச் சக்கரம், தூண் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறக் கல், ஆழமும் அடுக்கடுக்காகக் கிடைக்கும்.

சரி, இரண்டு கேமரா இல்லையா? ஓடுகிற பஸ் போதும். பஸ்ஸின் இடது ஜன்னலிலிருந்து நேர் பக்கவாட்டில் வீடியோ எடுத்து, அதே கிளிப்பை இரண்டு டிராக்கில் வைத்து, வலது கண்ணுக்கானதில் மட்டும் ஒரு ஃபிரேம் பிந்தைய படம் தெரியும்படி நகர்த்துங்கள். வலது ஜன்னல் என்றால் கண்களை மாற்றிக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குள் பஸ் 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கேமரா இடைவெளி கிட்டத்திலுள்ள பொருளின் தூரத்தில் 30-இல் ஒரு பங்கு இருக்கலாம் என்பது பழைய கணக்கு, ஆக 10 மீட்டருக்கு அப்பால் உள்ள தென்னை, படித்துறை, அக்கரை எல்லாம் அழகாக விழும். ரோட்டோர மின்கம்பம் வந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள். வாய்க்கால் கரையில் சைக்கிளில் மெதுவாகப் போனால் 3 மீட்டர் வரை நெருங்கலாம். குறுக்கே பறக்கும் கொக்கின் ஆழம் மட்டும் தப்பாக வரும், இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் அதுவும் நகர்ந்துவிடுகிறதே. குலுக்கல்தான் பெரிய எதிரி: படங்கள் மேல்-கீழாக விலகினால் தலைவலி நிச்சயம், அதனால் நல்ல ரோடாகப் பாருங்கள். அப்புறம் ஒரு படத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, முக்கியமான பொருளின் இரு நிற விளிம்புகளும் ஒன்றும்படி வையுங்கள். மெசேஜில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், வீடியோ சுருங்கினால் நிற விவரம்தான் முதலில் போகும்.

3டி கேம் செய்வதென்றால் இந்தப் பாடில்லை. கேமுக்குள் இரண்டு கேமராவை இணையாக வையுங்கள், உள்பக்கம் திருப்பினால் ஓரங்களில் மேல்-கீழ் விலகல் வந்துவிடும். இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை-நீலம் என்று கலர் மாஸ்க் (எந்த நிறச் சேனலில் மட்டும் வரையவேண்டும் என்ற அமைப்பு) போட்டு, இரண்டையும் வரைவதற்கு நடுவில் டெப்த் பஃபரை (எது முன்னால், எது பின்னால் என்ற பதிவு) மட்டும் அழியுங்கள். ஸ்கோர் எழுத்து திரை மட்டத்தில் இருக்கட்டும், காட்சி அதற்குப் பின்னால் போகட்டும். ஆழத்துக்கு ஒரு ஸ்லைடர் கட்டாயம் வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கண் இடைவெளி குறைவு, பெரிய திரையில் தூரப் பொருளின் விலகல் 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அவர்களுக்குச் சிரமம்.