கூட்டாகத் தேயிலை செய்யப் போகிறீர்களா? நாங்கள் சறுக்கிய இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பசுந்தேயிலையை ஃபேக்டரிக்குக் கொடுக்காமல், வெள்ளைத் தேயிலை, ஊலாங் (பாதி மட்டும் புளிக்கவிட்ட தேயிலை) என்று கையாலேயே செய்து பார்க்கிறார்கள். நல்ல ஆசைதான். நான் இருந்த குழு இரண்டு சீசனில் கலைந்துபோனது. தேயிலை நன்றாகத்தான் வந்தது. ஒருவரை ஒருவர் நம்புவதுதான் வரவில்லை.

"மாமன் மச்சான்தானே" என்று எதையும் எழுதிவைக்காமல் விட்டோம். உறவுக்காரரிடம் சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்க முடியாது. எங்களுக்குத் தராசில் ஆரம்பித்தது. மழைநாளில் நனைந்த கொழுந்துக்கு ஈர எடை கழிக்க வேண்டும். எவ்வளவு என்று முன்பே பேசவில்லை. ஒருநாள் ஒருவருக்கு இருபது கிலோவில் இரண்டு கிலோ கழித்தார்கள், பக்கத்தில் நின்றவருக்கு ஒன்று. சண்டையெல்லாம் இல்லை. அடுத்த வாரம் இரண்டு கிலோ இழந்தவரின் கொழுந்தில் பாதி, ஃபேக்டரிக்கு இலை வாங்கும் ஏஜென்ட் வண்டியில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

அதைவிட மோசம், கெட்டுப்போனதை மறைப்பது. பனிக்காலத்தில் கொழுந்து மெதுவாக வளரும், மணமும் தனி. ஆனால் உருட்டுவதற்கு முன் இலை வாட வேண்டும், குளிரில் அதற்கு நேரம் பிடிக்கும். ஒருவர் 40 கிலோவை வாட்டப் போட்டு, பொறுக்காமல் சீக்கிரமே உருட்டிவிட்டார். இலை நொறுங்கியது, டீ போட்டால் பச்சை வாடை. வெட்கத்தில் எருக்குழியில் கொட்டிவிட்டு வாயே திறக்கவில்லை. பத்து நாளில் இன்னொருவர் அதே தவறை, அதே 40 கிலோவில் செய்தார். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை கிலோ கொழுந்து என்று வைத்தால், ஆளுக்கு ஒன்பது கிலோ போச்சு. உருட்டும் இடத்தில் ஒரு நோட்டு தொங்கவிடுங்கள்: தேதி, எடை, எத்தனை மணி நேரம் வாட்டியது, என்ன ஆனது. சொதப்பலைக் குழுத் தலைவரே முதலில் எழுத வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்குக் கை வரும்.

வாங்குகிறவர் நம்பரும் பணமும் ஒரே ஆளிடம் இருப்பதும் ஆபத்து. அவர் நாணயமானவராகவே இருக்கட்டும், பணம் தள்ளிப்போனால் பேச்சு வரும். 1965-இல் தொடங்கிய, சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வின் கீழ் இங்கே கூட்டுறவுத் தொழிற்சாலைகள் ஓடுகின்றன. அங்கே தணிக்கை, பொதுக்குழு எல்லாம் உண்டு. அதெல்லாம் வெறும் சடங்கு என்று நாங்கள் சிரித்தோம். முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து தொழில் செய்ய அந்தச் சடங்குதான் வழி என்று அப்போது புரியவில்லை.

அப்புறம், விலகுகிறவருக்குப் பங்கு எப்போது திரும்பும் என்பதைச் சேரும் நாளிலேயே எழுதிவிடுங்கள். பாக்கெட்டில் போடும் பெயர் யார் பேரில் பதிவாகிறது என்பதையும் சேர்த்து. எங்கள் பெயரை ஒருவர் தன் பேரில் பதிந்து வைத்திருந்தது, கலைந்த பிறகுதான் தெரிந்தது.