குளிர்காலத்தில் வீட்டில் கார் வேலை: பேச்சில் விட்டுப்போகும் தவறுகள்

கார் பித்துப் பிடித்த நாலு பேர் கூடினால், குளிர்காலத்தில் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனதா, டயர் மாற்றியாயிற்றா, அந்த பிரேக் பேட் வேலை என்ன ஆயிற்று. கூடவே வீட்டுக் கதையும் வரும்: திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட இதே வண்டிதான் வேண்டும், கராஜில் பாதி இடத்தை சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்துக்கொண்டிருக்கின்றன, வார இறுதியில் ஒரு மதியம்தான் கிடைக்கும். இந்தப் பேச்சில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் நல்லவை. எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது, எந்த சாக்கெட் வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாகச் சொல்வார்கள். ஆனால் அவை வெயில் நாளில், திறந்த வெளியில் வேலை செய்து கற்றவையாக இருக்கும். அதையே குளிரில், மூடிய இடத்தில், மரத்துப்போன விரல்களோடு, சுவருக்கு அந்தப் பக்கம் குடும்பம் இருக்கும்போது செய்வது வேறு வேலை. தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன.

மூடிய கராஜில் ஓடும் இன்ஜின்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும். குளிர் உள்ளே வராமல் இருக்கக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, "ரெண்டு நிமிஷம் ஓடட்டும், சத்தம் கேட்டுப் பார்க்கலாம்" என்று இன்ஜினை ஓடவிடுவது. வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புதிய வண்டிகளில் புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சில நூறு டிகிரி சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்ந்த இன்ஜினோ முதல் சில நிமிடங்களுக்குக் கூடுதல் பெட்ரோலை எரிக்கும். ஆக, "ரெண்டு நிமிஷம்" என்று நாம் ஒதுக்கும் அந்த நேரத்தில்தான் இந்த வாயு மிக அதிகமாக வெளிவருகிறது.

வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் ஆபத்து கராஜோடு நிற்காது. கதவிடுக்கு, குழாய் போகும் ஓட்டை, மேல்மாடித் தளம் வழியாக வாயு உள்ளே போகும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும் அறிகுறிகளைக் குளிர்காலத்தில் யாரும் சளி காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள். கதவை முழுதாகத் திறந்தாலும் போதாது, வண்டியை வெளியே தள்ளிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வெளியே நிற்கும் வண்டியிலும், பனி கொட்டியிருந்தால் சைலன்சர் வாயைச் சுற்றித் தோண்டிவிட்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வீட்டில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில், கட்டாயம் இருக்க வேண்டும். புது சாக்கெட் செட் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இதுதான் என்பேன். கராஜைச் சூடாக்கக் கரி மூட்டுவதும், புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை மூடிய இடத்தில் வைப்பதும் இதே வாயுவைத்தான் தரும்.

ஹீட்டர் என்றதும் பெட்ரோலையும் சொல்ல வேண்டும். குளிரில் பெட்ரோல் ஆவியாகாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சுமார் -40 டிகிரியிலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி அதிலிருந்து வரும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் மூலையில் எரியும் ஹீட்டரையோ வாட்டர் ஹீட்டரின் சுடரையோ தொடும். ஃப்யூவல் ஃபில்டர், ஃப்யூவல் பம்ப், டேங்க் வேலைகளை மூடிய கராஜில் செய்யவே கூடாது. வெயில் வரும்வரை அவை தள்ளிப்போகட்டும், அல்லது மெக்கானிக்கிடம் போகட்டும்.

தரை உறைந்திருக்கும்போது ஜாக்கி

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரில் கூடுதலாக ஒன்று நடக்கிறது: உறுதியாகத் தெரியும் தரை உறுதியாக இருப்பதில்லை. மண்ணும் சரளையும் உறைந்து கல்லாக நிற்கும், மதிய வெயில் பட்டதும் மேல்பரப்பு இளகும். மிதித்து இறுகிய பனிமேல், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல வழுக்கும். பனியைச் சுத்தமாக நீக்கி, சமமான கெட்டித் தரையில்தான் தூக்க வேண்டும். சாத்தியமில்லை என்றால் அன்றைக்கு வேலை வேண்டாம். ஹாலோ பிளாக் கற்களை முட்டுக் கொடுப்பது எந்தக் காலத்திலும் தவறு, அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இன்னொன்று, ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி போய்விடும், முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காவிட்டால் வண்டி உருளும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, அடியில் போவதற்கு முன் வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம், அடியில் படுக்கப்போவதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற காலம் இது, நீங்கள் கூப்பிட்டாலும் கேட்காது. போன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

"பேட்டரி போச்சு, மாத்திடு"

இது கூட்டுப்பேச்சில் அதிகம் சொல்லப்படும் யோசனை. பாதி நேரம் சரியாகவும் இருக்கும், அதனால்தான் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், நிறைந்த சாதாரண பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மீதி. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அங்கே 12 சொச்சமே காட்டிக்கொண்டிருந்தால் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் வயரிங்கையோ பார்க்க வேண்டும். புது பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் அதே கதைதான். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டைக் கம்ப்யூட்டர் ஏற்றி இறக்கும் புதிய வண்டிகளில் மட்டும் இந்த எண்கள் கொஞ்சம் அலையும்.

குளிரில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. பூஜ்ய டிகிரியில் பேட்டரி தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும், -18 டிகிரியில் பாதிக்கும் மேல் போய்விடும். அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு, இன்ஜினைச் சுற்றுவதற்கு அதிக பலம் தேவைப்படும். இதனால்தான் ஆயில் டப்பாவில் உள்ள 5டபிள்யூ, 0டபிள்யூ எண்ணை அலட்சியம் செய்யக் கூடாது. அந்த முதல் எண் குறையக் குறைய, கடுங்குளிரில் ஆயில் சுலபமாக ஓடும்.

சார்ஜ் இறங்கிய பேட்டரியில் உள்ள திரவம் கிட்டத்தட்ட தண்ணீர்தான், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும். நிறைந்த பேட்டரியோ -50 டிகிரியையும் தாங்கும். பக்கங்கள் உப்பியிருக்கும், உறைந்துபோன பேட்டரிக்கு ஜம்பர் கேபிள் போட்டால் அது வெடிக்கலாம். அதற்கு சார்ஜரும் கூடாது, மாற்றிவிடுவதே நல்லது. நல்ல நிலையில் உள்ள பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கும்போதும், கடைசியாக மாட்டும் கறுப்பு கேபிளை இறந்த பேட்டரியின் நெகட்டிவில் மாட்டாமல், இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் தள்ளி மாட்ட வேண்டும். மாட்டும்போது பொறி பறக்கும், பேட்டரிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கக்கூடும்.

பழைய ஆட்கள் சொல்லும் ஒரு சோதனை உண்டு: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார், நின்றால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது. கார்புரேட்டர் காலத்து வழக்கம் அது. இன்றைய வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்ட்டேஜ் எகிறி கன்ட்ரோல் யூனிட்டுகளையே எரித்துவிடக்கூடும். டீசலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் உறையாது என்பதும் அதே காலத்தது. இன்றைய டீசல் இன்ஜினின் உயர் அழுத்த (காமன் ரெயில்) பம்ப்புக்கு டீசல்தான் வழுவழுப்பைத் தருகிறது, பெட்ரோல் அதைக் கெடுக்கும். குளிர்கால டீசலும் அதற்கென்றே உள்ள சேர்ப்புத் திரவமும் போதும்.

நிறுத்தி வைத்த வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுவதும் நல்ல பழக்கம் என்று நினைக்கப்படுகிறது. ஸ்டார்ட் செய்ய எடுத்த சார்ஜ் அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பி வராது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கும். பேட்டரியை மெல்ல நிறைத்தே வைத்திருக்கும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவிட்டு வண்டியைச் சும்மா விடுவது மேல். குட்டைப் பயணங்கள் மட்டுமே போகும் வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் வெளிர் பழுப்புக் கூழ் தெரிவதும் இதனால்தான். அதன் போட்டோவைப் பார்த்ததும் யாராவது "ஹெட் கேஸ்கெட்" (இன்ஜின் தலைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள். ஆயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் மட்டமும் குறையவில்லை என்றால், ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இன்ஜினைப் பிரிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

கூலன்ட்

நிறத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். பச்சையும் சிவப்பும் எந்தப் பொதுவான தரத்தையும் குறிப்பதில்லை, வண்டியின் கையேட்டில் உள்ள வகைதான் முக்கியம். "கலக்காமல் ஊற்றினால் இன்னும் பலம்" என்பதும் தவறு. கூலன்ட்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் சுமார் -13 டிகிரியிலேயே உறையும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சுமார் -37 வரை தாங்கும்.

வீட்டோடு சேர்த்துப் பார்த்தால் இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. வடித்த கூலன்ட்டைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைப்பது. எத்திலீன் கிளைகால் இனிக்கும், குழந்தையும் நாயும் பூனையும் தயங்காமல் குடிக்கும். பூனைக்குச் சில டீஸ்பூன்களே உயிரை எடுக்கப் போதும், சிறுநீரகம் செயலிழந்துவிடும். தரையில் சிந்தியதை அப்போதே துடைத்துக் கழுவ வேண்டும். பாத்திரத்தில் வடித்ததைத் திறந்து வைத்துவிட்டுச் சூடாக ஏதாவது குடிக்க உள்ளே போகக் கூடாது.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வின்டர் டயர் என்றால் நான்கும், இரண்டு மட்டும் போட்டால் வண்டி திருப்பத்தில் சுழலக்கூடும். வெப்பம் 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும் என்பதால் காற்றைக் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். வீல் நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

கேட்கும் விதமும் கேட்டுக்கொள்ளும் விதமும்

"ஹீட்டர் சூடாகவே இல்லை, செக் இன்ஜின் லைட் எரியுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து உதிரிபாகம் சொல்வார்கள். அதில் பாதியை வாங்கி மாற்றுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் காசு வீணாகும் பெரிய வழி. வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழைக் குறியீட்டைப் படித்து அப்படியே எழுதுங்கள். உதாரணமாக பி0128 குளிர்காலத்தில் அடிக்கடி வருவது, கூலன்ட் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அது சொல்கிறது. உடனே டெம்பரேச்சர் சென்சாரை மாற்றுகிறார்கள். கூலன்ட் குறைந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டதா என்பது அடுத்தது. மாடல், ஆண்டு, எந்த இன்ஜின், சத்தம் குளிர்ந்த நிலையில் மட்டுமா, முதல் ஐந்து நிமிடம் மட்டுமா என்பதைச் சேர்த்தால் பதிலின் தரமே மாறும். அதே பெயர் கொண்ட வண்டியாக இருந்தாலும் வேறு இன்ஜினுக்கான டார்க் எண் உங்களுக்கு உதவாது.

விரல் மரத்திருக்கும்போது பொறுமையும் குறையும். குளிர்ந்த பிளாஸ்டிக் கிளிப் லேசான இழுப்பிலேயே ஒடியும், வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கிக்கொண்டு கழற்றினால் பிழைக்கும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பெட்ரோல் பட்ட துணியையும் வேலைச் சட்டையையும் வீட்டு டிரையரில் போடக் கூடாது, அது தீயில் முடியும்.

இருக்கிற ஒரே வண்டியை ஞாயிறு மாலையில் பிரிக்கத் தொடங்காதீர்கள். புதுப் பாகம் கையில் வந்து, பழையதோடு வைத்துப் பார்த்துப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகே முதல் போல்ட். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் பின் பேட் மாற்றுவதற்கு முன் அதைச் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கான வழி தெரிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இருட்டிவிட்டால், பிரேக் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, மறுநாள் போக்குவரத்துக்கு வேறு ஏற்பாட்டை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். புது பேட் போட்டு முடித்தாலும் பேடை அழுத்தும் பிரேக் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பெடல் தரைவரை போகும். நாலைந்து முறை மிதித்துப் பெடல் கெட்டியாகும்வரை, சாவி வழக்கமான இடத்தில் தொங்கக் கூடாது.