வண்டி சத்தம் கேட்டா டிவி ஆஃப் ஆகுற வீட்ல வளந்தவங்க கடவுள அப்பான்னு நம்புறது எப்படி

எங்க அப்பாவோட டிவிஎஸ் 50 தெரு முனைல திரும்புற சத்தம் கேட்டாலே வீட்ல டிவி ஆஃப் ஆயிடும். நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு புக்க தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்துருப்போம், புக்கு தலைகீழா இருந்தாக்கூட கவனிக்க நேரம் இருக்காது. அவர் குடிக்கிறவர் இல்ல, அடிச்சதும் ரொம்ப கம்மி, ஆனா அவர் இருக்குற ரூம்ல மூச்சு விடவே யோசிக்கணும். ஸ்கூல் டூருக்கு 200 ரூபா வேணும்னா நேரா கேக்க மாட்டோம், "அம்மா நீ சொல்லும்மா"ன்னு அம்மாவதான் தூது அனுப்புவோம். இப்படி வளந்தவன்கிட்ட ஞாயித்துக்கிழம சர்ச்ல ஐயர், அதாவது எங்க போதகர், புல்பிட்ல நின்னு "கர்த்தர் நம்ம தகப்பன், அதனால பயப்படாதீங்க"ன்னு சொன்னா என்ன தோணும், தகப்பன்னு சொல்றதுனாலதானே ஐயா பயமே வருதுன்னுதான் தோணும்.

அதனால இது அந்த மாதிரி ஆளுங்களுக்கு. அப்பா தோள்ல தூக்கிட்டு திருவிழா காட்டி வளத்தவங்க இத படிக்காம விட்டாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

மொதல்ல பண்ண வேண்டியது, உங்க அப்பாவ அளவுகோலா வச்சு கடவுள அளக்குறத நிறுத்துறது. இயேசுவே அப்படி அளக்கல. பைபிள்ல மத்தேயு 7ல பிள்ளை அப்பம் கேட்டா எவனாவது கல்ல குடுப்பானான்னு கேட்டுட்டு, அடுத்து "பொல்லாதவர்களாகிய நீங்கள்"னே சொல்றாரு, அதாவது நம்ம அப்பாங்க எப்படிப்பட்டவங்கன்னு அவருக்கு நல்லாவே தெரியும், உங்க அப்பாவ பத்து மடங்கு பெருசாக்கிக்கோ அதுதான் கடவுள்னு அவர் சொல்லவே இல்ல. இதுக்கு நான் பண்ணினது ரொம்ப சாதாரணமான ஒரு வேலை. ஒரு பேப்பர்ல, ஜெபம் பண்ண கண்ண மூடினா எனக்கு எதிர்ல எந்த மாதிரி முகம் வருதுன்னு உண்மைய எழுதினேன். "மார்க் ஷீட்ட பாக்குற முகம்"னு எழுதினேன். எழுதினதுக்கு அப்புறம்தான் நான் இத்தன வருஷமா யார்கிட்ட ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்னே புரிஞ்சது.

அந்த பேப்பர பக்கத்துல வச்சுக்கிட்டு லூக்கா 15ல கெட்ட குமாரன் கதைய எடுங்க, அப்பாகிட்ட சொத்த பிரிச்சு வாங்கிட்டு போய் அழிச்சிட்டு திரும்பி வர்ற பையனோட கதை. தெரிஞ்ச கதைதானேன்னு தாண்டாதீங்க. 18, 19வது வசனத்துல பையன் வீட்டுக்கு போய் என்ன பேசணும்னு மனப்பாடம் பண்றான், கடைசி வரி "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்". இப்ப 21வது வசனத்த பாருங்க, அவன் பேச ஆரம்பிக்கிறான், அந்த கடைசி வரி மட்டும் வரல! அத சொல்றதுக்குள்ள அப்பா வேலக்காரங்கள கூப்ட்டு நல்ல துணி எடுத்துட்டு வா, மோதிரம் எடுத்துட்டு வா, செருப்பு எடுத்துட்டு வான்னு சத்தம் போட்டுட்டு இருக்காரு. அதுக்கு முன்னாடி 20வது வசனத்துல, பையன் தூரத்துல வரும்போதே பாத்துட்டு ஓடுறாரு. ஊர்ல நெலம் நீச்சு உள்ள ஒரு பெரிய மனுஷன் வேட்டிய தூக்கிக்கிட்டு தெருவுல ஓடுறத நான் பாத்ததே இல்ல, நீங்க பாத்துருக்கீங்களா?

அடுத்தது பாஷை. நாம வாயத் தொறந்தாலே "அன்பின் பரலோக பிதாவே, உம்முடைய பாதபடியில் தாழ்ந்து பணிந்து"ன்னு ஆரம்பிச்சிடுவோம், அது தப்பில்ல, சபையில அப்படித்தான் ஜெபம் பண்ணுவோம், ஆனா வீட்ல தனியா இருக்கும்போது அந்த பாஷை பல பேருக்கு ஒரு யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுது, உள்ள இருக்குற ஆள் தெரியவே மாட்டான். மாற்கு 14:36ல, சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்துல இயேசு "அப்பா பிதாவே"ன்னு கூப்பிடுறாரு. அதுல இருக்குற அப்பாங்குறது தமிழ் வார்த்தைன்னே நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன், இல்லங்க, அது அவர் பேசின அரமேயிக். ரோமர் 8:15லயும் கலாத்தியர் 4:6லயும், சபைகளுக்கு கடிதம் எழுதின பவுலும் அதே வார்த்தைய எழுதுறாரு. மத்த பாஷைக்காரங்க பல பேர் அந்த வார்த்தைய புதுசா கத்துக்கணும், நமக்கு பொறந்ததுலேர்ந்தே வாயில இருக்கு. அதனால ஒரு வாரத்துக்கு தனி ஜெபத்துல செந்தமிழ விட்ருங்க. "அப்பா, நாளைக்கு வாடகை குடுக்கணும், கைல 3000தான் இருக்கு, பயமா இருக்கு" இவ்ளோதான் ஜெபம். ரெண்டு நாளைக்கு கூச்சமா இருக்கும், பரவால்ல.

அம்மாவ தூது அனுப்புற பழக்கம் இங்கயும் வரும், ஜாக்கிரதை. நமக்கு ஒரு கஷ்டம்னா நாம கேக்காம ஐயருக்கு ஃபோன் போட்டு, ஜெபக்குழு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, நாம மட்டும் ஓரமா நின்னுப்போம். மத்தவங்கள ஜெபம் பண்ண சொல்றது நல்லதுதான், ஆனா நமக்கு பதிலா இல்ல. யோவான் 16:26, 27 இந்த விஷயத்துல என்ன உலுக்கின வசனம். அதுல இயேசு, உங்களுக்காக நான் போய் பிதாகிட்ட கேப்பேன்னு சொல்லத் தேவையில்ல, "பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்"ங்குறாரு. தூது போறவரே, நீயே நேரா போய் கேளு, அவருக்கு உன்ன பிடிக்கும்னு சொல்றாரு.

கேக்கும்போது சின்ன விஷயத்துலேர்ந்து ஆரம்பிங்க. இதுக்கெல்லாமா கடவுள தொந்தரவு பண்றதுன்னு தோணினா குருவி கணக்க பாருங்க. மத்தேயு 10ல ஒரு காசுக்கு 2 அடைக்கலான் குருவி. லூக்கா 12ல 2 காசுக்கு 5. கணக்குப்படி 4தானே வரணும், அஞ்சாவது கொசுறு! கறிவேப்பிலை மாதிரி சும்மா அள்ளிப் போட்டது. அதுல ஒண்ணுகூட தேவனால மறக்கப்படுறதில்லன்னு அந்த வசனம் முடியுது. கொசுறுக்கே கணக்கு வச்சிருக்கவர்கிட்ட உங்க பல்வலிய சொல்லலாம்.

கேட்டது நடக்கலன்னா கோபத்தையும் அவர்கிட்டயே சொல்லுங்க. எங்க வீட்ல அப்பாகிட்ட கோபப்படுறதுன்னா நினைச்சுக்கூட பாக்க முடியாது, அதனால எனக்கு இதுதான் கடைசியா வந்தது. சங்கீதம் 13 ஆறே வசனம், அதுல அத எழுதினவர் கடவுள பாத்து "எதுவரைக்கும்"னு நாலு தடவ கேக்குறாரு, அத அப்படியே பைபிள்ல வச்சிருக்காங்க. கெத்செமனேலயும், வரப்போற பாட்ட ஒரு பாத்திரம்னு சொல்லி அத என்கிட்டேர்ந்து எடுத்துடும்னு இயேசு கேட்டாரு, அது எடுபடல. அப்பான்னு கூப்ட்டவருக்கே கேட்டது கிடைக்கல, ஆனாலும் சிலுவையில கடைசியா "பிதாவே, உம்முடைய கைகளில்"னுதான் சொல்றாரு. நம்பிக்கைன்னா கேட்டதெல்லாம் கிடைக்கும்னு அர்த்தம் எடுத்துக்கிட்டா ஜனவரி 1 வாக்குத்தத்த அட்டை, அதான் புது வருஷத்துக்குன்னு வசனம் போட்டு குடுக்குற அட்டை, மார்ச் மாசமே கசந்துடும், எனக்கு ரெண்டு வருஷம் அப்படி ஆச்சு.

இன்னொண்ணு, வியாதியோ நஷ்டமோ வந்தா உடனே "கர்த்தர் சிட்சிக்கிறார்"னு, அதாவது தண்டிச்சு திருத்துறாருன்னு சொல்ல சொந்தத்துல யாராவது ஒரு சித்தப்பா ரெடியா இருப்பாரு. யோவான் 9ல பிறவிக் குருடன பாத்து சீஷருங்க இது யார் செஞ்ச பாவம்னு கேட்டப்ப, இவனும் இல்ல இவனப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசு முடிச்சிட்டாரு. சித்தப்பாவுக்கு டீ குடுத்து அனுப்பிடுங்க.

உங்க அப்பா நெஜமாவே உங்கள சித்திரவதை பண்ணினவர்னா, தகப்பன்ங்குற வார்த்தையிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு கட்டாயமே இல்ல. ஏசாயா 49:15ல கடவுள் தன்ன தாயோட ஒப்பிடுறாரு, தாயே மறந்தாலும் நான் உன்ன மறக்க மாட்டேங்குறாரு, அங்கேர்ந்து ஆரம்பிங்க. மன்னிச்சிட்டு பழையபடி அந்த வீட்லயே போய் இருன்னு யாராவது அவசரப்படுத்தினா கேக்காதீங்க, மொதல்ல பத்திரமா இருங்க, நம்புற ஒரு ஆள்கிட்ட வாய் விட்டு பேசுங்க.

கடைசியா ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தேதி, கேட்டது, என்ன ஆச்சு, மூணே கட்டம். வந்தா வந்ததுன்னு எழுதுங்க, வரலன்னா வரலன்னே எழுதுங்க, பூசி மொழுகாதீங்க, வேற மாதிரி வந்தா அதையும் எழுதுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ பொறட்டி பாத்தா போதும். என் நோட்டுல 2019ல தங்கச்சிக்காக எழுதின ஒரு வரிக்கு எதிர்ல கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நேத்து ராத்திரியும் கேட்டேன், கொஞ்சம் கோபமாவே கேட்டேன், கேட்டுட்டு தூங்கிட்டேன்.